தக்க சன்மானம்

உங்கள் தெருமுனையில் இருக்கிற ஈ.பி. பாக்ஸை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். லேடீஸ் ஹாஸ்டல், ஹோம் டியூஷன், மூலம்-பவுத்திரம் விளம்பரங்களுக்கு நடுவே ஒரு நோட்டீஸ் இருக்கும். மேலே கொட்டை எழுத்தில் 'காணவில்லை'. நடுவில் நாக்கைத் தொங்கப் போட்டபடி ஒரு நாயின் படம். கீழே பெயர், நிறம், தொலைந்த தேதி, இரண்டு செல்போன் நம்பர். கடைசி வரி மட்டும் எல்லா நோட்டீஸிலும் ஒன்றுதான்: 'கண்டுபிடித்துத் தருவோருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும்.'

இந்த வாரம் என் சண்டை அந்தக் கடைசி வரியோடு. அதிலும் 'தக்க' என்கிற ஒரே ஒரு வார்த்தையோடு.

தக்க என்றால் எவ்வளவு சார்? எதற்குத் தக்க? நாயின் விலைக்கா, கண்டுபிடித்தவர் பட்ட சிரமத்துக்கா, இல்லை, கொண்டு வந்து கொடுக்கிறவர் போட்டிருக்கிற சட்டைக்கா? மூன்றாவதுதான் என்று அடித்துச் சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அந்த வார்த்தையை நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

* * *

2024 தீபாவளி ராத்திரி. எங்கள் வீட்டு நாயின் பெயர் டப்பு. யாரோ ஒரு லாப்ரடாருக்கும் எங்கள் தெரு நாய்க்கும் பிறந்த கலப்படம். வயது நான்கு. வெடிச் சத்தம் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நாயின் காது 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கு 'டமால்' என்றால் அதற்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2018-லிருந்து தீபாவளிக்கு வெடிக்க காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. ராத்திரி பத்தரைக்கு பக்கத்து வீட்டம்மா முறுக்குத் தட்டோடு வந்து பெல் அடித்தார். கதவைத் திறந்தோம். அதே நொடியில் கீழே ஒரு பத்தாயிரம் வாலா. டப்பு எங்கள் காலுக்கு நடுவே புகுந்து படியிறங்கி ஓடியே போய்விட்டது. முறுக்குத் தட்டு கீழே விழுந்து உருண்டதுதான் மிச்சம்.

அப்புறம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. உங்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

நான், மச்சான், மாடி வீட்டுப் பையன்கள் என்று ஏழு பேர். மூன்று பைக். "டப்பு! டப்பு!" என்று கத்திக்கொண்டே கே.கே.நகர் முழுக்கச் சுற்றினோம். ஒரு முனையில் அது நிற்பதைப் பார்த்ததும் எல்லோரும் சேர்ந்து துரத்தினோம். இன்னும் வேகமாக ஓடியது. பிற்பாடு எங்கள் வெட்டினரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பயந்து ஓடுகிற நாய்க்குத் தன் பெயரும் தெரியாது, எஜமானரும் தெரியாது. துரத்துகிற எல்லாமே அதற்கு எமன்தான். பார்த்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நேராக முறைக்காமல் பக்கவாட்டில் திரும்பி, கையில் தின்பண்டத்தோடு, வாயை மூடிக்கொண்டு. காணாமல் போன இடத்தில் வீட்டு ஆட்கள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் கொஞ்சம் சாப்பாடு வைக்க வேண்டும். வண்டிச் சத்தம் அடங்கிய நேரத்தில், விடியற்காலை நாலு மணிக்கு ஒரு ஆள், அதிகம் போனால் இரண்டு ஆள், நடந்து தேட வேண்டும். பட்டாளத்தோடு போகக் கூடாது.

அந்த விடியற்காலை நாலு மணியில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது.

நான் அந்தப் பகுதியில் பதினாலு வருஷமாகக் குடியிருக்கிறேன். எல்லோரையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு விழித்திருக்கிறவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது! பால் பாக்கெட் போடுகிற பையன், பேப்பர் கட்டுப் பிரிக்கிறவர்கள், ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டிருக்கிற பெரியவர், டீக்கடையில் பாய்லர் பற்றவைக்கிறவர், கோயில் வாசல் பூக்காரம்மா, தள்ளுவண்டியோடு வருகிற துப்புரவுத் தொழிலாளர்கள். நாய் எந்தப் பக்கம் போயிருக்கும், எந்தச் சந்தில் எந்த நாய்க் கூட்டம் புது நாயை விடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 140 பேர். தொண்ணூறு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஒருவர் மட்டும், "இதே சாக்கில் கேட்கிறேன், லிஃப்ட்டில் நாயை ஏற்றலாமா கூடாதா என்று ஒரு முடிவு எடுக்க வேண்டும்" என்று எழுதினார். உருப்படியாகத் தகவல் சொன்னது பூக்காரம்மாதான். "செவலையா ஒண்ணு ஜாபர்கான்பேட்டைப் பக்கமா நொண்டிக்கினு போச்சுப்பா" என்றார்.

* * *

மூன்றாவது நாள் நோட்டீஸ் அடித்தோம். என் மனைவி, "எவ்வளவுன்னு போட்டுடுங்க. அஞ்சாயிரம்னு எழுதுங்க" என்றாள். நான் பி.காம். படித்தவன் இல்லையா? "தொகையை எழுதிட்டா மாட்டிக்குவோம். 'தக்க சன்மானம்'னு போடு. ஆளைப் பார்த்துக் கொடுத்துக்கலாம்" என்றேன்.

ஆளைப் பார்த்து! அந்த இரண்டு வார்த்தையை நான் சொன்னபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. உங்களுக்கும் இப்போது உறுத்தியிருக்காது. அதுதான் பிரச்னையே.

நோட்டீஸ் ஒட்டினதும் போன் வர ஆரம்பித்தது. முதல் போன் எங்கேயோ தூரத்திலிருந்து. "உங்க நாய் ஆக்ஸிடென்ட்ல மாட்டிக்கிச்சு, ஆஸ்பத்திரில இருக்கு, உடனே 2,000 ஜிபே பண்ணுங்க" என்றது சுத்தமான தமிழ், நல்ல படித்த குரல். வீடியோ காலில் காட்டுங்கள் என்றதும் கட். அடுத்த ஆள், நாயின் எல்லா அடையாளமும் சரியாகச் சொன்னார். சொல்ல மாட்டாரா பின்னே? எல்லாம் நோட்டீஸிலேயே இருக்கிறதே! அதனால் ஒரு அடையாளத்தை மட்டும் நோட்டீஸில் போடாமல் உங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். டப்புவுக்குப் பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை. அதைச் சொல்லாதவர்களுக்கு நயா பைசா அனுப்பாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது 'இது என் நாய்' என்றால் உதவும்.

ஆறாவது நாள் சாயங்காலம் ஒரு டீக்கடைக்காரர் போனிலிருந்து ஒரு பெண் குரல். "சார், செவலை நாயி... பின்னங்கால்ல ஒரு வெரலு வெள்ளையா இருக்குது. உங்களுதா?"

நான் தனியாகப் போகவில்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றோரம் ஒரு தகரக் கூரை வீடு. வாசலில் பழைய புடவைத் தலைப்பால் கட்டியிருந்தது டப்பு. ஒரு அலுமினியத் தட்டில் சோறும் பாலும். என்னைப் பார்த்ததும் அது ஊளையிட்டதே, அதை நான் எழுதப் போவதில்லை. நாய் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

நான் எழுதப் போவது, அடுத்து நான் பேசியதை.

"ஏம்மா, நீதானே போன் பண்ணது? இது உனக்கு எப்பக் கிடைச்சுது?"

அந்த அம்மாளுக்கு என் வயதிருக்கும். மாநகராட்சி ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. பச்சை மேல்சட்டை இன்னும் கழற்றவில்லை. முன்பின் பார்த்திராத பெண்மணியை 'நீ' என்று கூப்பிட என் வாய் கூசவே இல்லை. அவர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

"தீபாவளிக்கு மறுநா காலைல சார். கால்வா ஓரமா படுத்துனு இருந்துச்சு."

"அஞ்சு நாளா ஏன் சொல்லல?"

"படிக்கத் தெரியாது சார். பையன் இன்னிக்குத்தான் இஸ்கூல்லேர்ந்து வரச்சொல்ல நோட்டீஸ பார்த்துட்டு வந்து சொன்னான்."

"இந்த பெல்ட் இல்லையே, பெல்ட் எங்கே?"

இதுதான் உச்சம். ஓடின அன்றைக்கு டப்பு கழுத்தில் பெல்ட் இருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் கேட்டேன். அவர் மணிக்கட்டில் ஒரு துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். வேலையில் ஏதாவது கிழித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

நண்பர் காதோரம் கிசுகிசுத்தார். "ஐந்நூறு போதும்டா. அதிகம் கொடுத்தா இதையே தொழிலாப் பண்ணிடுவாங்க." ஐந்நூறு கொடுத்தேன். அந்த அம்மாள் பேரம் பேசவில்லை. "இடது காதுல புண்ணு இருக்குது சார், மருந்து போடுங்க. ராவுல பயந்து அழுவுது, தனியாப் படுக்க வெக்காதீங்க" என்றார். பையன், "அங்கிள், இதும் பேர் என்னா? நாங்க ராஜான்னு கூப்ட்டோம்" என்றான்.

காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

* * *

மறுநாள் காலை வெட்டினரி டாக்டர். காதுப் புண்ணைத் துடைத்தார், உண்ணிகளைப் பிடுங்கினார், ரத்தம் எடுத்தார். தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டினார். "ரேபிஸ் பூஸ்டர் நாலு மாசம் முந்தியே போட்டிருக்கணுமே சார்?" என்றார். மென்று முழுங்கினேன். அப்புறம் அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"இந்த ஆறு நாள்ல யாரையாவது கடிச்சுதா?"

எனக்கு அந்த மணிக்கட்டுத் துணி ஞாபகம் வந்தது.

ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வருவதற்கு முன்னால் தடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தே இல்லை. பல் பட்ட உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். அப்புறம் தாமதிக்காமல் ஊசி. தோலில் போடுகிற முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நாலு தடவை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். காயம் ஆழம் என்றால் தனியாக இன்னொரு மருந்தும் உண்டு, டாக்டர் முடிவு செய்வார். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியுமா? என் நாய் என்னிடம் வந்த பிறகு, அது நல்லபடி இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

டாக்டரிடமிருந்து நேரே வார்டு ஆபீஸுக்குப் போனேன். பெயர்கூடத் தெரியாது. அடையாளம் சொன்னேன். சூப்பர்வைசர் உடனே நோட்டை எடுத்தார். "என்ன கம்ப்ளைண்ட் சார்?"

கம்ப்ளைண்ட் இல்லை, பார்க்கணும் என்றேன். அவர் நம்பவில்லை. பேண்ட் போட்ட ஒரு ஆள் துப்புரவுத் தொழிலாளியைத் தேடி வந்தால் கம்ப்ளைண்ட்டைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்?

அந்த அம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப் போனது. "என்ன சார், நாய்க்கு ஏதாவது ஆயிடுச்சா? நான் பாலும் சோறுந்தான் சார் வெச்சேன். வேற ஒண்ணும் பண்ல சார்."

நன்றி சொல்ல வேண்டிய ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன். கையைக் காட்டச் சொன்னேன். நாலு பல் தடம். மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார். "அதுவா கடிக்கல சார். மறுநாளும் வெடி வெச்சாங்கல்ல, பயத்துல பல்லு பட்டுருச்சு. சொன்னா அத அடிப்பீங்களோன்னு சொல்லல."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஊசிக்கும் அவருக்கு அரை நாள் கூலி போகும். அதையும் சேர்த்து, என் மனைவி முதலில் சொன்ன ஐயாயிரத்தில் மீதியையும் கொடுத்தேன். சினிமாவாக இருந்தால் "பணம் வேணாம் சார், பாசம் போதும்" என்று சொல்லியிருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. வாங்கினார். எண்ணிப் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். அதுதான் சரி. அது தர்மம் இல்லை, நான் பட்ட கடன்.

பி.காம். புத்தியை விட முடியுமா? அன்று ராத்திரி கணக்கெழுதிப் பார்த்தேன். டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து: 2,850. புது பெல்ட், செயின்: 900. நாயைக் கண்டுபிடித்து, கட்டி வைத்து, சோறு போட்டு, கடியும் பட்டவருக்கு முதல் நாள் நான் கொடுத்தது: 500. மருந்துக் கடையில் பில்லைப் பார்த்து நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்நூறுக்கு மட்டும் ஒன்பது கேள்வி.

* * *

இப்போது கொஞ்சம் சட்டம். பயப்படாதீர்கள், காலேஜில் மெர்க்கன்டைல் லா பேப்பரில் பாஸ் பண்ணியிருக்கிறேன்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவரைப் பற்றி இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் நாயும் குடை, மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு பொருள்தான். கண்டெடுத்தவர் அதைத் தன் பொருளைப் போலப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரரைத் தேட முயற்சியே பண்ணாமல் தானே அமுக்கிக்கொண்டால் குற்றம். பழைய ஐ.பி.சி.யில் 403, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 314. இது நமக்கு சாதகமான பக்கம். இதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 168-ஆவது பிரிவு. பராமரித்த செலவையும் சிரமத்தையும் ஈடுகட்டும் வரை பொருளைத் திருப்பித் தராமல் கையில் வைத்துக்கொள்ள கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டு! சொந்தக்காரர் குறிப்பிட்ட ஒரு சன்மானத்தை அறிவித்திருந்தால், அதற்காக வழக்குக்கூடப் போடலாம். கவனியுங்கள், குறிப்பிட்ட சன்மானம். '5,000' என்று எழுதினால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். 'தக்க' என்று எழுதினால் நீட்டுவதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த வார்த்தை நமக்கு அவ்வளவு பிடித்திருப்பது சும்மா இல்லை, சார்.

அந்த அம்மாள் நினைத்திருந்தால், "ஆறு நாள் செலவைக் கொடுத்துட்டு நாயைத் தொடு" என்று சட்டப்படியே சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் சொல்லவில்லை.

1913-இல் அலகாபாத் ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. காமர்ஸ் படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம். கான்பூர் கௌரி தத் வீட்டுப் பையன், அவருடைய அண்ணன் மகனோ தம்பி மகனோ, காணாமல் போகிறான். அவரிடம் முனீம், அதாவது கணக்குப்பிள்ளை வேலை பார்த்த லால்மன் சுக்லாவைத் தேட அனுப்புகிறார். லால்மன் ரிஷிகேஷில் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார். இதற்கிடையில் முதலாளி 501 ரூபாய் சன்மானம் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார். அது லால்மனுக்குத் தெரியாது. பிற்பாடு தெரிந்து கேட்டபோது கோர்ட் கை விரித்துவிட்டது. சன்மானம் இருப்பது தெரியாமல் கண்டுபிடித்தால் ஒப்பந்தமே இல்லையாம். ஒப்பந்தச் சட்டப்படி சரியான தீர்ப்புதான். பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் கிளாஸில் ஒருத்தர்கூட, "சார், கோர்ட் சொல்லாட்டியும் அந்த முதலாளி கொடுத்திருக்கலாமே?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. (வேடிக்கை பாருங்கள், சென்னை மாநகராட்சிக்குப் புகார் சொல்லும் போன் நம்பரும் 1913தான்!)

* * *

உங்கள் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும்.

'தொகையைப் போட்டால் நாய் திருடுகிறவர்கள் பெருகிவிடுவார்களே?' நாய்த் திருட்டு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராஜபாளையத்தையும் பீகிளையும் திருடுகிறவனுக்கு அதை விற்க இடம் தெரியும். உங்கள் நோட்டீஸை நம்பி அவன் பிழைப்பு இல்லை. லட்ச ரூபாய் என்று எழுதச் சொல்லவில்லை. எழுதவும் கூடாது, ஊரே வலையோடு கிளம்பி நாயை இன்னும் தூரமாக விரட்டிவிடும். உங்களால் நிச்சயமாகக் கொடுக்க முடிகிற ஒரு தொகையை எழுதுங்கள், போதும்.

'விசாரிக்கக் கூடாது என்கிறீர்களா?' விசாரியுங்கள். எல்லோரையும் ஒரே மாதிரி விசாரியுங்கள். எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு பீகிள் காணாமல் போய், காரில் வந்த ஒரு இளைஞர் கொண்டு வந்து விட்டார். "எங்கே கிடைத்தது, ஏன் இரண்டு நாள் தாமதம், பெல்ட் எங்கே" என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஃபில்டர் காபி, ஸ்வீட் பாக்ஸ், குரூப்பில் போட்டோ. கேள்வி நாய்க்காக என்றால் அவரிடமும் கேட்டிருக்க வேண்டுமே?

'அதான் மைக்ரோசிப் வந்துவிட்டதே?' வரட்டும், நல்லதுதான். 2025 கடைசியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸும் சிப்பும் கட்டாயம், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. போட்டுவிடுங்கள். ஆனால் அரிசி அளவுள்ள அந்த சிப் ஜி.பி.எஸ். இல்லை. நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. யாராவது நாயைப் பிடித்து, ரீடரைக் கிட்டத்தில் வைத்தால் 15 இலக்க எண் ஒன்று வரும். அந்த எண்ணோடு உங்கள் பழைய செல் நம்பர் இருந்தால் அதுவும் வீண். முதலில் நாயைப் பிடிக்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் பெரும்பாலும் பச்சைச் சட்டை போட்டவராகத்தான் இருப்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்களிலிருந்து தெரு நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திருப்பி விடக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு சரியா தப்பா என்பது வேறு வாரத்துச் சண்டை. ஆனால் பெல்ட் அறுந்து ஓடின உங்கள் செல்லம் ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்தால், பிடிக்கிறவர் கண்ணுக்கு அதுவும் தெரு நாய்தான். அதை நாலு நாள் புடவைத் தலைப்பில் கட்டி வைத்துச் சோறு போடுகிறவர் உங்களுக்கு எத்தனை பெரிய உபகாரம் செய்கிறார் என்று யோசியுங்கள்.

கொண்டு வந்து கொடுத்தவரைத் திருடனாகப் பார்க்கிற நம் கூட்டத்தில்தான், நாயை வேண்டுமென்றே தொலைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வீடு மாறும்போது, குழந்தை பிறந்தவுடன், கிழடு தட்டியவுடன், காரில் ஏற்றி இ.சி.ஆர். பக்கம் இறக்கிவிட்டு வருகிறவர்கள். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி, பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! யாரிடம் பெல்ட் எங்கே என்று கேட்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் பாருங்கள்.

* * *

சரி, நாய் கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

நாய்க்கு: வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். ஊரைக் கூட்டிக் கொஞ்சாதீர்கள். ஓடிப் போனதற்குத் திட்டாதீர்கள், எதற்குத் திட்டுகிறீர்கள் என்று அதற்குப் புரியாது. பட்டினி கிடந்த வயிறு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. 24 மணி நேரத்துக்குள் டாக்டர். கடிபட்டிருந்தால் ரேபிஸ் பூஸ்டர். சில வாரத்துக்குக் கதவு விஷயத்தில் ஜாக்கிரதை, ஒருமுறை ஓடினது மறுபடியும் ஓடும்.

மனிதருக்கு: 'நீங்கள்' என்று பேசுங்கள். பணத்தைக் கவரில் போட்டுத் தயாராகக் கொண்டு போங்கள். நாயை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கொடுங்கள். சோற்றுச் செலவைத் தனியாகக் கேட்டுக் கொடுங்கள். கடித்ததா, பிறாண்டியதா என்று நீங்களே கேளுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டுங்கள். போடாமல் விட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து நாள் கழித்து, நாய் நல்லபடி இருக்கிறது என்று ஒரு போன் செய்யுங்கள். நாலு மணிக்குத் தகவல் சொன்ன பூக்காரம்மாவுக்கும் 'கிடைத்துவிட்டது' என்று சொல்லுங்கள். கடைசியாக, ஒட்டின நோட்டீஸை எல்லாம் நீங்களே போய்க் கிழியுங்கள். இல்லாவிட்டால் அதையும் அதே பச்சைச் சட்டைக்காரர்கள்தான் சுரண்ட வேண்டும்.

நான் கிழிக்கப் போனபோது ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசி வரியைப் படித்துக்கொண்டே கிழித்தேன். நாற்பது நோட்டீஸ். நாற்பதிலும் 'தக்க'.

உங்கள் நாய் தொலைய வேண்டாம். தொலைந்தால் சீக்கிரம் கிடைக்கட்டும். நோட்டீஸ் அடிக்க நேர்ந்தால் மட்டும், பிரஸ்காரர் வழக்கம்போல அந்த வார்த்தையைப் போட்டுக் கொண்டுவந்து காட்டுவார். பேனாவை எடுத்து அதை அடியுங்கள். பக்கத்தில் ஒரு தொகையை எழுதுங்கள். யார் வந்து கதவைத் தட்டினாலும் அதே தொகையைக் கொடுங்கள்.